203 கி.மீ. வேகத்தில் பறந்த 'வாத்து': உலக சாதனை படைத்த நீராவி இன்ஜின் அன்றே பாதி வழியில் நின்றது ஏன்?

1938-ம் ஆண்டு ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஸ்டோக் இறக்கத்தில், நீல நிற நீராவி இன்ஜின் ஒன்று மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டது. நம்ம கணக்கில் 203 கிலோமீட்டர். நீராவி ரயில்களைப் பொறுத்தவரை இன்றுவரை இதுதான் உலக சாதனை.

இன்ஜினின் பெயர் 'மல்லார்டு'. பச்சைத் தலை கொண்ட ஒரு வகைக் காட்டு வாத்தின் பெயர் அது. பிரிட்டன்ல ரயிலைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

ஆனால், சாதனை படைத்த அதே நாளில் மல்லார்டு லண்டன் போய்ச் சேரவில்லை. கொஞ்ச தூரத்திலேயே பீட்டர்பரோ ஸ்டேஷனில் அதைக் கழற்றி ஓரங்கட்டிவிட்டு, வேறொரு பழைய இன்ஜினை மாட்டித்தான் ரயிலை லண்டனுக்கு இழுத்துப் போனார்கள். காரணம், ஒரு பேரிங். அந்த ஒரு பேரிங் மல்லார்டுக்கு மட்டுமல்ல, அது சேர்ந்த 'ஏ4' வகை இன்ஜின்கள் எல்லாவற்றுக்குமே பல ஆண்டுகள் தலைவலியாக இருந்தது.

ஏ4 வகையில் மொத்தம் 35 இன்ஜின்கள். அவை எதற்காகப் பிறந்தன, எங்கே சறுக்கின, யார் சரிசெய்தார்கள்?

ஜெர்மனி டீசல் ரயிலுக்குப் போட்டி

1930-களில் பிரிட்டன் ரயில்வே அரசு நிறுவனம் அல்ல. நான்கு பெரிய தனியார் கம்பெனிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு ரயில் ஓட்டின. லண்டனில் இருந்து ஸ்காட்லாந்துக்குக் கிழக்குக் கரை வழியாக ஓட்டியது லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, சுருக்கமாக எல்.என்.இ.ஆர். மேற்குப் பக்கம் ஓட்டியது எல்.எம்.எஸ். இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

எல்.என்.இ.ஆர். கம்பெனியின் தலைமை மெக்கானிக்கல் இன்ஜினீயர் நைஜல் கிரெஸ்லி. 1933-ல் ஜெர்மனி, பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே அதிவேக டீசல் ரயிலை விட்டது. கிரெஸ்லி அதில் பயணம் செய்து பார்த்தார். நம்ம ஊரிலும் இதை விடலாமா என்று கம்பெனி யோசித்தது. தயாரிப்பாளர்களிடமே விலை, நேரம் எல்லாம் கேட்டார்கள். லண்டன் - நியூகாசில் 268 மைல் தூரத்துக்கு சுமார் நாலே கால் மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. பெட்டிகளும் குறைவு, இருக்கைகளும் நெருக்கம்.

நீராவியிலேயே இதைவிட நன்றாகச் செய்யலாம் என்பது கிரெஸ்லியின் கணக்கு. வெறும் பேச்சு இல்லை, ஓட்டிக் காட்டினார். 1934 நவம்பரில் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்' இன்ஜின் மணிக்கு 100 மைல் தொட்டது. 1935 மார்ச்சில் 'பாபிரஸ்' என்ற இன்னொரு இன்ஜின் 108 மைல் தொட்டது. இரண்டுமே அவர் முன்பு வடிவமைத்த பழைய இன்ஜின்கள்தான். கம்பெனிக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. டீசல் திட்டம் அப்படியே கைவிடப்பட்டது.

அடுத்த ஆறே மாதத்தில், 1935 செப்டம்பரில், டான்காஸ்டர் ஒர்க்ஷாப்பில் இருந்து முதல் ஏ4 வெளியே வந்தது. பெயர் 'சில்வர் லிங்க்'. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறி 25 ஆண்டுகள் ஆனதைக் குறிக்க 'சில்வர் ஜூபிலி' என்ற பெயரில் புது ரயில். அதனால் இன்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் வெள்ளிச் சாம்பல் நிறம்.

அந்த வடிவம் எதற்கு?

ஏ4 இன்ஜினின் போட்டோவைப் பார்த்தால் இது நீராவி இன்ஜின்தானா என்றே சந்தேகம் வரும். முன்பக்கம் ஆப்பு மாதிரி சரிந்து இருக்கும். சக்கரங்களின் மேல்பாதியை மூடியபடி பக்கவாட்டில் தகடு. பிரான்சில் புகாட்டி கார் கம்பெனி செய்த ரயிலின் வடிவத்தைப் பார்த்து கிரெஸ்லிக்கு இந்த யோசனை வந்தது. பிறகு அரசு ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாடல்களை வைத்துச் சோதித்தார்கள்.

காற்றைக் கிழித்துப் போவது ஒரு பயன். இன்னொன்று, புகை. வேகமாக ஓடும் இன்ஜினின் புகை மேலே எழாமல் கொதிகலனை ஒட்டியே தவழ்ந்து வந்தால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் சிக்னல் தெரியாது. இது உயிர் போகிற விஷயம். ஏ4-ன் சரிந்த முகப்பு காற்றை மேலே தள்ளி, புகையையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. களிமண் மாடலில் யாரோ தெரியாமல் கட்டைவிரலை வைத்து அழுத்திய பள்ளம்தான், புகைபோக்கிக்குப் பின்னால் இருக்க வேண்டிய சரியான வளைவைக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு கதையும் ரயில் ரசிகர்களிடையே உண்டு.

வெளியே தெரியாத வேலைகளும் நிறைய. கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. பெரிய சக்கரங்கள் ஒவ்வொன்றும் 6 அடி 8 அங்குலம் விட்டம், அதாவது ஒரு உயரமான ஆள் நின்றாலும் அதற்குள் மறைந்துவிடுவார். நீராவி போகும் குழாய்களின் உட்புறம்கூட எங்கும் முட்டாமல் வழுவழுவென்று அமைக்கப்பட்டது.

1935 செப்டம்பர் 27 அன்று பத்திரிகையாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வெள்ளோட்டம். சில்வர் லிங்க் இரண்டு முறை மணிக்கு 112.5 மைல், அதாவது 181 கி.மீ. தொட்டது. மூன்று நாள் கழித்துப் பயணிகள் ரயில் ஆரம்பம். லண்டன் - நியூகாசில் நான்கு மணி நேரம். நடுவில் டார்லிங்டனில் மட்டும் நிற்கும்.

உண்மையில் அசர வேண்டிய விஷயம் இதற்கு அடுத்து வருவது. மற்ற இன்ஜின்கள் தயாராகும் வரை முதல் இரண்டு வாரமும் சில்வர் லிங்க் ஒன்றே தினமும் போய்விட்டுத் திரும்பியது. ஒரு நாளைக்கு 536 மைல். ஒரு நாள்கூடக் கோளாறு இல்லை. புத்தம் புது வடிவமைப்பில் வந்த முதல் இன்ஜின் அது. இந்த வேலை எந்த சாதனைப் பட்டியலிலும் வருவதில்லை, ஆனால் கம்பெனிக்குக் காசு கொண்டுவந்தது இதுதான்.

'இந்தியப் பேரரசு' என்றும் ஒரு இன்ஜின்

சில்வர் ஜூபிலி வெற்றி பெற்றதும் அடுத்தடுத்து ஏ4-கள் வந்தன. 1937-ல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. அதையொட்டி லண்டனில் இருந்து எடின்பரோவுக்கு ஆறே மணி நேரத்தில் போகும் 'கொரோனேஷன்' ரயில். அதற்காக ஒதுக்கிய ஐந்து இன்ஜின்களுக்கு பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நாடுகளின் பெயர்கள்: கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஐந்தாவது 'எம்பயர் ஆஃப் இந்தியா'.

1947-ல் இந்தியா விடுதலை அடைந்தது. இன்ஜினின் பெயர்ப் பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை. பேரரசு போன பிறகும் 'இந்தியப் பேரரசு' பதினேழு வருடம் ஸ்காட்லாந்து பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1964-ல் ஓய்வு கொடுத்து, பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள்.

மற்ற இன்ஜின்கள் பலவற்றுக்குப் பறவைகளின் பெயர். கிரெஸ்லிக்குப் பறவைகள் மீது அவ்வளவு ஆசை. மல்லார்டு அப்படி வந்த பெயர்தான். கிரெஸ்லி வடிவமைத்த இந்த ரகத்தின் நூறாவது இன்ஜினுக்கு மட்டும் அவர் பெயரையே, 'சர் நைஜல் கிரெஸ்லி' என்று வைத்தார்கள்.

பிரேக் சோதனை என்று சொல்லிவிட்டு...

இப்போது சாதனைக்கு வருவோம். 1936 மே மாதம் ஜெர்மனியின் '05 002' என்ற நீராவி இன்ஜின் மணிக்கு 200.4 கி.மீ. தொட்டது. அதே ஆண்டு ஏ4 எடுத்த 113 மைல், அதாவது 182 கி.மீ., அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 1937-ல் உள்ளூர் எதிரியான எல்.எம்.எஸ். 114 மைல் என்று அறிவித்தது. அந்த ஓட்டத்தில் க்ரூ ஸ்டேஷனுக்குள் ரயில் அவ்வளவு வேகமாக நுழைந்ததால், சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த பீங்கான் பாத்திரங்கள் உருண்டு உடைந்தன.

எல்.என்.இ.ஆர். அப்போது வேகமான ரயில்களுக்கு பிரேக் சோதனைகள் செய்துகொண்டிருந்தது. அந்த சோதனை ஓட்டத்தையே சாதனைக்குத் திரையாக வைத்துக்கொண்டார்கள். வெளியில் மூச்சு விடவில்லை.

தேர்ந்தெடுத்த இன்ஜின் மல்லார்டு. நான்கே மாதம் ஆன புது இன்ஜின். தவிர அதில் இரட்டைப் புகைபோக்கி இருந்தது. 35 ஏ4-களில் கட்டும்போதே இந்த வசதியோடு வந்தவை நான்குதான். எரிந்த புகையும் பயன்பட்ட நீராவியும் அடைபடாமல் வெளியேறினால்தான் பிஸ்டன் சுலபமாக ஓடும்; இரட்டைப் புகைபோக்கி அதற்குத்தான்.

டிரைவர் ஜோசப் டடிங்டன், வயது 61. ஃபயர்மேன் தாமஸ் பிரே. பின்னால் ஆறு பெட்டிகளும் வேகத்தை அளக்கும் கருவிகள் கொண்ட ஒரு பெட்டியும். மொத்தம் 240 டன். அளவுப் பெட்டியில் நீளமான காகிதச் சுருள் ஓட, பேனா முனைகள் அதில் வேகத்தைக் கோடாகக் கிழித்துக்கொண்டே வரும்.

ஆரம்பமே சரியில்லை. கிராந்தம் ஸ்டேஷனில் தண்டவாள வேலை நடந்ததால் 24 மைல் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. அங்கிருந்து மேடு. மேட்டின் உச்சியில் 74.5 மைல். அதன் பிறகுதான் இறக்கம். 100, 110, 120 என்று ஏறிக்கொண்டே போனது. லிட்டில் பைதம் என்ற ஊருக்கு அருகே 125-ஐத் தாண்டியது. அந்த வேகத்தில் பெரிய சக்கரங்கள் நொடிக்குக் கிட்டத்தட்ட 9 தடவை சுற்றும். அதாவது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 9 தடவை முன்னும் பின்னும் போய் வர வேண்டும். எண்ணெயும் இரும்பும் தாங்குகிற எல்லை அது.

சற்று தூரத்தில் எசெண்டைன் வளைவு. அதற்கு மேல் அந்த வேகத்தில் போகவே முடியாது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

சோம்பு வாசனை வந்தால் ஆபத்து

ஏ4-ல் மூன்று சிலிண்டர்கள். இரண்டு வெளியே, ஒன்று நடுவே சட்டத்துக்குள். நடு பிஸ்டனின் சக்தியை அச்சுக்குக் கடத்தும் இரும்புத் தண்டின் பெரிய முனையில்தான் அந்த பேரிங் இருக்கிறது. உள்ளே மறைந்திருப்பதால் ஓடும்போது அது சூடாகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சோம்பு எண்ணெய் நிரப்பிய சின்னக் குப்பியை அந்த பேரிங்குக்குள் பொருத்தினார்கள். சூடு அளவுக்கு மீறினால் குப்பி உடையும், சோம்பு வாசனை வரும். டிரைவர் உடனே சுதாரித்துக்கொள்ள வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத காலத்தில் மூக்கையே சென்சார் ஆக்கிய ஐடியா!

அன்று பேரிங் அளவுக்கு மீறிச் சூடானது. அதன் உலோகம் இளகிப்போனது. மல்லார்டு மெதுவாக ஊர்ந்து பீட்டர்பரோ வந்து சேர்ந்தது. அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜினே நாசமாகியிருக்கும்.

ஏன் நடு பேரிங் மட்டும்? இதற்கான விடை கிரெஸ்லியின் சொந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது. சிலிண்டருக்குள் நீராவியை எப்போது விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வால்வு தீர்மானிக்கும். மூன்று சிலிண்டருக்கு மூன்று தனித்தனி அமைப்பு வைத்தால் எடையும் கூடும், பராமரிப்பும் கூடும். கிரெஸ்லி புத்திசாலித்தனமாக ஒன்றைக் குறைத்தார். வெளியே உள்ள இரண்டு வால்வுகளின் அசைவை நெம்புகோல்கள் மூலம் கூட்டி, அதிலிருந்தே நடு வால்வை இயக்கினார்.

புதிதாக இருக்கும்போது அருமையாக வேலை செய்யும். ஆனா இணைப்புகள் தேய ஆரம்பித்தால் சிக்கல். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தேய்ந்த எல்லாத் தளர்வும் கூடி நடு வால்வில்தான் வந்து விடியும். வேகம் கூடக் கூட அந்த வால்வு தேவைக்கு மேல் திறக்கும், நடு சிலிண்டருக்கு அதிக நீராவி போகும், அது தன் பங்குக்கு மேல் உழைக்கும். மூன்று பேர் தூக்க வேண்டிய சுமையில் ஒருவர் தலையில் மட்டும் கூடுதல் பாரம் ஏறுவது போலத்தான்.

125-ஆ, 126-ஆ?

126 என்ற எண்ணை கிரெஸ்லி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பலருக்கும் தெரியாது. சில கஜ தூரத்துக்கு மட்டும் வந்த உச்சத்தைச் சாதனை என்று சொல்ல அவர் விரும்பவில்லை. 125 என்பதே அவருக்குப் போதும். ஜெர்மனியின் 200.4 கி.மீ. என்பது 124.5 மைல். எப்படிப் பார்த்தாலும் மல்லார்டு முந்திவிட்டது. இன்ஜினின் பக்கவாட்டில் '126' என்று பொறித்த பலகை 1948-ல்தான் மாட்டப்பட்டது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1941-ல், கிரெஸ்லி இறந்துவிட்டார்.

ஜெர்மன் ரசிகர்கள் இன்றும் ஒன்று சொல்வார்கள்: எங்கள் இன்ஜின் சமதளத்தில் ஓடியது, உங்களுடையது இறக்கத்தில் ஓடியது. இது நியாயமான வாதம்தான். மல்லார்டு பேரிங் உருகி நின்றதையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணில் பிரிட்டனும் பொறியியலில் ஜெர்மனியும் ஜெயித்தன என்று சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அதேசமயம் மல்லார்டு இழுத்த சுமை அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

போர் கொண்டுவந்த சோதனை

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் சொகுசு ரயில்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. ஏழெட்டுப் பெட்டிகளோடு பறப்பதற்காகச் செய்த ஏ4-கள், 20 பெட்டிகளுக்கு மேல் கோர்த்த ரயில்களை இழுத்தன. கருப்பு பெயின்ட் அடித்தார்கள். சக்கரங்களை மூடிய தகடுகளை, பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று கழற்றிவிட்டார்கள். 1942 ஏப்ரல் 29 அன்று ஜெர்மன் விமானங்கள் யார்க் நகரத்தின் மீது குண்டு வீசியதில் 'சர் ரால்ஃப் வெட்ஜ்வுட்' என்ற ஏ4 சிதைந்தது. 35, 34 ஆனது.

ஆட்கள் பற்றாக்குறை, உதிரிபாகம் பற்றாக்குறை. தேய்ந்த இணைப்புகளை மாற்ற ஆளில்லை. நடு பேரிங் கோளாறு அடிக்கடி வர ஆரம்பித்தது. கிரெஸ்லிக்குப் பிறகு பொறுப்பேற்ற எட்வர்ட் தாம்சன், எல்.எம்.எஸ். நிபுணர்களை வைத்து ஆய்வறிக்கையே வாங்கினார். அந்த நெம்புகோல் அமைப்பு சரிப்படாது என்று அறிக்கை சொன்னது. மறைந்தவரின் வடிவமைப்பை எதிராளியின் ஆட்களை வைத்தே தீர்ப்புச் சொல்ல வைத்தது கிரெஸ்லியின் விசுவாசிகளுக்குக் கசப்பாக இருந்தது.

1948-ல் ரயில்வே தேசியமயமானது. நான்கு கம்பெனி இன்ஜின்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். முடிவு வேடிக்கையானது. நிலக்கரிச் சிக்கனத்தில் ஏ4-தான் முதலிடம். ஆனால் நடுவழியில் கோளாறாகி நின்றதும் ஏ4-தான். காரணம், அதே நடு பேரிங்.

தீர்வு வந்தது வெளி ஆளிடமிருந்து

1950-களின் தொடக்கத்தில் டான்காஸ்டருக்கு மாற்றலாகி வந்தார் கென்னத் குக். இவர் மேற்குப் பகுதி ரயில்வேயின் சுவிண்டன் ஒர்க்ஷாப்பில் வளர்ந்தவர். கிரெஸ்லியின் நெம்புகோல்களை அவர் பிடுங்கி எறியவில்லை. இரண்டு காரியம் செய்தார். சட்டமும் சிலிண்டரும் அச்சும் இம்மி பிசகாமல் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒளியை வைத்து அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். நடு பேரிங்கை சுவிண்டன் பாணியில், எண்ணெய் நன்றாகப் பரவும்படி மாற்றினார்.

அவ்வளவுதான். பதினைந்து வருடத் தலைவலி ஏறக்குறைய தீர்ந்தது. வடிவமைப்பு தப்பு என்று இத்தனை நாள் திட்டியவர்களுக்கு, அதில் பாதிக் குற்றம் ஒர்க்ஷாப்பின் அளவெடுப்பில் இருந்தது அப்போதுதான் புரிந்தது. 1957, 58-ல் எல்லா ஏ4-களுக்கும் மல்லார்டு போல இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள்.

1953-ல் தொடங்கிய 'எலிசபெத்தன்' ரயில், லண்டன் - எடின்பரோ 393 மைலை (632 கி.மீ.) எங்கேயும் நிற்காமல் ஆறரை மணி நேரத்தில் கடந்தது. நிற்காமல் ஓட டிரைவர் எப்படி மாறுவார்? நிலக்கரி வண்டியின் பக்கத்தில் 18 அங்குல அகலத்தில் ஒரு சந்து உண்டு. மாற்று ஆட்கள் முதல் பெட்டியில் இருந்து அந்தச் சந்து வழியாகக் குனிந்து இன்ஜினுக்குப் போவார்கள். தண்ணீர்? தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகள் அமைத்திருந்தார்கள். ஓடும்போதே ஒரு அகப்பையை இறக்கி அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். கோடைக்காலம் முழுக்க தினமும் இதைச் செய்தவை ஏ4 இன்ஜின்கள்தான்.

1959 மே 23 அன்று, அதே ஸ்டோக் இறக்கத்தில், 'சர் நைஜல் கிரெஸ்லி' இன்ஜின் பயணிகளோடு 112 மைல் தொட்டது. இந்த முறை பேரிங் உருகவில்லை.

இப்போது எங்கே இருக்கின்றன?

1961-ல் 'டெல்டிக்' டீசல் இன்ஜின்கள் வந்தன. 1935-ல் தோற்ற டீசல் கடைசியில் ஜெயித்தது. 1962 டிசம்பரில் முதல் ஏ4-கள் ஓய்வுக்கு அனுப்பப்பட்டன. அதில் சில்வர் லிங்க்கும் ஒன்று. முதல் இன்ஜின், வரலாற்றுச் சின்னம் என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை, உடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவற்றில் சில, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ - அபர்டீன் தடத்தில் 1966 செப்டம்பர் வரை எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுத்தன.

34-ல் தப்பியவை ஆறு. சுமார் 14 லட்சம் மைல் ஓடிய மல்லார்டு, யார்க்கில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 'டுவைட் ஐசனோவர்' அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கும், 'டொமினியன் ஆஃப் கனடா' கனடாவுக்கும் போய்விட்டன. 2013-ல் சாதனையின் 75-ம் ஆண்டுக்காக இந்த இரண்டையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆறு இன்ஜின்களையும் யார்க்கில் ஒன்றாக நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே இரண்டும் திரும்பிப் போய்விட்டன.

2016-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் கிரெஸ்லிக்குச் சிலை வைத்தபோது ஒரு சர்ச்சை வந்தது. காலடியில் ஒரு வாத்தும் இருப்பதாகத்தான் முதலில் வடிவமைத்தார்கள். பெரிய மனிதரைச் சின்னதாக்கிவிடும் என்று அவரது குடும்பத்தினர் எதிர்த்ததால், வாத்து இல்லாமலே சிலை திறக்கப்பட்டது.

மல்லார்டு சிறிது நேரம் மட்டும் தொட்ட 125 மைல் வேகத்தில், இன்றைய மின்சார ரயில்கள் அதே ஸ்டோக் இறக்கத்தில் சாதாரணமாகத் தினமும் போய் வருகின்றன. 'சர் நைஜல் கிரெஸ்லி' இன்ஜின் பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு 2022-ல் மீண்டும் தண்டவாளம் ஏறியது. பிரிட்டன் மெயின் லைனில் நீராவி ரயில்களுக்கு வழக்கமாக அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 75 மைல்.